குடிபெயர்ந்தோரும் சுயபாஷையும்

பூந்தமல்லியிலிருந்து ஆவடிக்குச் செல்லும் சாலையில் சென்னீர்குப்பம் என்னும் ஊர் இருக்கிறது. மாலை வேளையில் அங்கே கடைத்தெருவில் நிற்போரின் காதில் தமிழும் தெலுங்கும் மாத்திரமன்றி, ஹிந்தியும் ஒரியாவும் வங்காளியும் விழுகின்றன. 1955-ம் வருஷம் ஆவடியிற் கூடிய காங்கிரஸ் மகாசபை, சோஷலிஸ ரீதியான சமுதாய அமைப்பே தேசத்தின் லக்ஷ்யம் என்று தீர்மானித்தது. அதன் பின்னர் ஆவடியில் டாங்கித் தொழிற்சாலையும் அம்பத்தூரிற் கைத்தொழிற்பேட்டையும் எழுந்தன. அன்று தொடங்கிய வருகை இன்றும் நிற்கவில்லை. பீஹாரிலிருந்தும் ஒரிஸாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வரும் வாலிபர் இன்று சென்னையின் மேற்குப் புறமெங்கும் கட்டடம் எழுப்புகின்றனர், யந்திரம் ஓட்டுகின்றனர், கிடங்குகளிற் சுமை ஏற்றுகின்றனர்.

இவர்கள் இரண்டு தலைமுறையில் தமிழராகிவிடுவரா, அன்றித் தனிக் கூட்டமாகவே இருந்துவிடுவரா என்னும் கேள்வி இப்பொழுது பலர் வாயில் அடிபடுகிறது. சிலர் அச்சத்தோடு கேட்கின்றனர். சிலர் ஏளனத்தோடு கேட்கின்றனர். நிதானமாக ஆராய்ந்து கேட்பவர் சிலரே. அங்ஙனம் ஆராய்வதற்குத் தமிழரைவிடத் தகுதியுடைய ஜனங்கள் உலகில் மிகச் சிலரே உளர். கூலிக்காகக் கடல் கடந்து, பல கொடிகளின் கீழ்ச் சிதறி, ஓரிடத்தில் தம் பாஷையைக் காத்தும் மற்றோரிடத்தில் அதனை முற்றும் இழந்தும் நின்ற சரித்திரம் நம்முடையது. அச்சரித்திரத்தைப் படித்த பின்னரே சென்னீர்குப்பத்தைப் பற்றிப் பேச நமக்கு யோக்யதை உண்டாகும்.

முதலில் ஒரு மயக்கத்தைக் களைய வேண்டும். "தமிழன் எங்குச் சென்றாலும் தமிழனே, இரத்தம் மறவாது" என்று நம் மேடைகளில் அடிக்கடி முழங்குகிறார்கள். கேட்பதற்கு இனிதாயினும் இஃது உண்மையன்று. 1853-ல் மார்த்தினீக் தீவுக்கும், 1854-ல் குவாதலூப் தீவுக்கும், புதுச்சேரி காரைக்கால் துறைகளிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய பிரெஞ்சுக் கப்பல்கள் போய்ச் சேர்ந்தன. அடுத்த முப்பது முப்பத்தைந்து வருஷங்களில் குவாதலூப்புக்கு மாத்திரம் 40,000 பேருக்கு மேல் சென்றனர். அவர்களிற் பெரும்பாலோர் தமிழர். இன்று அவர்கள் சந்ததியார் பேசுவது பிரெஞ்சும் கிரியோலும். சிதம்பரம், ராமசாமி, வீரப்பன், முத்துசாமி என்னும் பெயர்கள் பிரெஞ்சு எழுத்துக்களில் உருமாறிக் குடும்பப் பெயர்களாக நிற்கின்றன. மாரியம்மனுக்கும் மதுரைவீரனுக்கும் பூசை நடக்கிறது. பூசாரி உச்சரிக்கும் தமிழின் பொருள் கூடியிருப்போரிற் பெரும்பாலோருக்கு விளங்குவதில்லை. அவர்கள் உடலில் ஓடுவதும் தஞ்சை, தென்னாற்காட்டு இரத்தமே. இரத்தம் மறவாதெனின் அங்கு மட்டும் ஏன் மறந்தது?

காரணங்கள் கண்ணுக்குத் தெரிவனவே. 1880-களின் முடிவிற் கப்பல் நின்றது. அதன் பின் தாய்நாட்டிலிருந்து ஒரு புது முகமும் வந்திலது. ஆடவர் பலர், மகளிர் சிலர். ஆதலின் பிறரோடு கலப்பு இயல்பாயிற்று. பள்ளியிற் பிரெஞ்சன்றி வேறு பாஷை இல்லை. யாவற்றினும் மேலாக, பிரான்ஸ் தேசத்தின் கொள்கை ஒன்று உண்டு: பிரஜையாக வேண்டுவோன் பிரெஞ்சுக்காரனாகவே வேண்டும், இடையில் வேறு அடையாளம் கூடாது என்பதே அது. அந்தப் பிரஜாவுரிமையும் அவர்களுக்கு எளிதிற் கிட்டவில்லை. ஹென்றி சிதம்பரம் என்னும் குவாதலூப் தமிழர் 1904-ல் வழக்காடத் தொடங்கி, 1923-ல்தான் தம்மவர்க்கு அவ்வுரிமையைப் பெற்றுத் தந்தார். உரிமை கிட்டிய காலத்திற் பாஷை கிட்டத்தட்ட மறைந்திருந்தது.

இனி மலேயாவை நோக்குவோம். அங்கும் கூலியே, அங்கும் துன்பமே. ஆயினும் கங்காணி முறையில் ஒருவன் தன் ஊராரையும் உறவினரையும் குடும்பத்தோடு அழைத்துச் சென்றான். நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு சில நாட்பயணம். ரஜூலா என்னும் கப்பல் 1926 முதல் ஏறக்குறைய ஐம்பது வருஷம் இக்கடலில் ஓடி, ஆட்களை மட்டுமா ஏற்றிற்று? கடிதங்களையும் புத்தகங்களையும் நாடகக்காரரையும் பெண் மாப்பிள்ளைகளையும் ஏற்றிற்று. 1923-ம் வருஷத்துத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் உள்ள தோட்டத்திற் பள்ளிக்கூடம் வைக்குமாறு முதலாளியைக் கட்டாயப்படுத்திற்று. அப்பள்ளிகள் பல, மாட்டுக் கொட்டிலை ஒத்தவை. ஆசிரியன் சில வேளை கணக்கப்பிள்ளையே. எனினும் அங்கு அகர முதல எழுத்துக் கற்பிக்கப்பட்டது. கோலாலம்பூரில் 1924-ல் 'தமிழ் நேச'னும், சிங்கப்பூரில் 1935-ல் கோ. சாரங்கபாணியாரின் 'தமிழ் முர'சும் தோன்றின. 'தமிழ் நேசன்' 2019-ல் நின்றுவிட்டது. 'தமிழ் முரசு' இன்றும் வருகிறது. சிங்கப்பூரில் தமிழ் அரசாங்க பாஷைகளுள் ஒன்று. மலேசியாவில் இன்றும் 500-க்கு மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள் நடைபெறுகின்றன.

இதைக் கண்டு நாம் மகிழ்வது நியாயமே. ஆனால் உண்மையை முழுதும் சொல்ல வேண்டும். மலேயாத் தோட்டத்திற் பாஷை நிலைத்ததற்கு மற்றொரு காரணம், தோட்டத்தைச் சுற்றியிருந்த வேலி. தமிழன் வெளியேறி உயர்வதற்கு வழியில்லாதபடி அவனை லயன் வீடுகளிற் கட்டிப் போட்டிருந்தார்கள். தமிழ்ப் பள்ளியை முதலாளி வைத்தது தமிழ்ப் பற்றினால் அன்று. ஆங்கிலம் கற்றவன் ரப்பர் மரம் வெட்ட வாரான் என்பதனால். ஆகவே பாஷை காக்கப்படுதல் எல்லாம் சுதந்திரத்தின் அடையாளமன்று. அடிமையும் தன் பாஷையைப் பேசுவான், வேறு பாஷை கற்க அவனுக்கு இடம் கொடாவிடில்.

அங்ஙனமாயின் வேலி ஒன்றே பாஷையைக் காக்குமா? காக்காது என்பதற்கு நேட்டால் சாக்ஷி. 1860-ம் வருஷம் நவம்பர் 16-ல் சென்னையிலிருந்து சென்ற ட்ரூரோ கப்பல் டர்பனில் 342 பேரை இறக்கிற்று. 1911-க்குள் அங்குச் சென்றவர் ஏறக்குறைய 1,52,000 பேர். மூன்றில் இரண்டு பங்கினர் சென்னையிற் கப்பலேறியவர். 1950-ம் வருஷத்து இனவாரிக் குடியிருப்புச் சட்டம் இந்தியரைச் சாட்ஸ்வர்த் முதலிய தனிப் பேட்டைகளுக்குத் துரத்திற்று. அதைவிட உயர்ந்த வேலி ஏது? ஆயினும் அவ்வேலிக்குள்ளேயே தமிழ் மாய்ந்தது. வீட்டு பாஷை ஆங்கிலமாயிற்று. ஏனெனில் சர்க்கார்ப் பள்ளியில் ஆங்கிலமே போதனா பாஷை. தமிழ், கோயிலையொட்டித் தொண்டர்கள் மாலையில் நடத்திய வகுப்பில் மட்டுமே உயிர் தாங்கிற்று. காவடியும் தீமிதியும் நிலைத்தன, ஜனங்கள் தனி ஜனங்களாகவே நின்றனர், பாஷை சென்றது. வேலி கூட்டத்தைக் காக்கும். பாஷையைக் காப்பது பள்ளிக்கூடம்.

பிஜித் தீவு வேறொரு பாடம் கற்பிக்கிறது. 1879 முதல் அங்குச் சென்ற 60,000-க்கு மேற்பட்ட இந்தியருள் ஏறக்குறையக் கால்பங்கினரே சென்னையிலிருந்து சென்றவர். அவரும் 1903-க்குப் பின்னரே சென்றனர். முன் சென்றோரின் ஹிந்தி ஏற்கெனவே தோட்டத்தின் பொது பாஷையாயிருந்தது. சாது குப்புசாமி 1926-ல் தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கத்தை ஸ்தாபித்துப் பள்ளிகள் நடத்தினார். அச்சங்கம் இன்றும் உயிரோடிருக்கிறது. ஆயினும் தமிழர் வீடுகளிற் பிஜி ஹிந்தியே வழங்கலாயிற்று. அங்கே நம்மவர் கரைந்தது வெள்ளையரிடத்தன்று, சகோதர இந்தியரிடத்து. ஹிந்திக்காரன் தமிழகத்திற் கரைவானோ என்று கேட்போர், தமிழன் ஹிந்தியிற் கரைந்த இவ்வரலாற்றையும் அறிதல் நலம். கரைவது இனத்தின் சுபாவத்தினாலன்று. தொகையினாலும் முன் வந்தவர் யார் என்பதனாலுமே.

மோரிஷஸ் தீவில் மற்றொரு விசித்திரம். தைப்பூசக் காவடி அங்குத் தேசீய விடுமுறை. நாணய நோட்டில் தமிழ் எழுத்து உண்டு. 1998-ல் வெளியான நோட்டுகளில் தமிழுக்கும் ஹிந்திக்கும் உரிய வரிசை மாற்றப்பட்டபோது தமிழர் கிளர்ச்சி செய்தனர்; சர்க்கார் அந்நோட்டுகளைத் திரும்பப் பெற்றது. அக்கிளர்ச்சி செய்தோரிற் பலர் வீட்டிற் பேசுவது கிரியோல்! நகைப்பதற்கு இதில் ஒன்றுமில்லை. பாரசீகத்திலிருந்து வந்த பார்ஸிகள் தம் பாஷையை விட்டுக் குஜராத்தியை ஏற்றனர். மதத்தையும் குலத்தையும் ஆயிரம் வருஷத்துக்கு மேல் காத்தனர். சுயத்தன்மை என்பது ஒரே கயிறன்று, பல புரிகள் கொண்டது: பாஷை ஒரு புரி, வழிபாடு ஒரு புரி, மணம் ஒரு புரி, தொழில் ஒரு புரி. ஒன்று அறுந்தாலும் மற்றவை தாங்கக் கூடும். எல்லாம் அறுந்த விடத்தே கூட்டம் கரைகிறது.

அங்ஙனம் கரைந்ததைக் காண அண்டை இலங்கைக்குச் சென்றால் போதும். மலைநாட்டுத் தோட்டங்களிற் சென்று குடியேறிய தமிழர் இன்றளவும் தமிழரே. 1948-ல் அவர்களது பிரஜாவுரிமை பறிக்கப்பட்டது. 1964-ல் சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தம் 9,75,000 மனிதரை எண்ணிப் பங்கிட்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சியோர் பின்னர்ப் பார்த்துக்கொள்ளற்பாலர்! உரிமை மறுப்பு அவர்களை மேலும் இறுகத் தமிழராக்கிற்று. அதே தீவின் மேற்குக் கரையில், நீர்கொழும்பு சிலாபம் பகுதிகளில் வாழும் கத்தோலிக்க மீனவர் பலரின் முன்னோர் தமிழ் பேசியவர். அவரை ஒருவரும் விரட்டவில்லை; அவரைச் சுற்றி வேலியும் எழுப்பவில்லை. மதம் அண்டை வீட்டாரோடு ஒன்றாயிற்று; திருமண உறவு ஒன்றாயிற்று; சென்ற நூற்றாண்டிற் பள்ளிக்கூடத்துப் பாஷை சிங்களமாயிற்று. இன்று அவர்களிற் பெரும்பாலோர் தம்மைச் சிங்களவர் என்றே கருதுகின்றனர். முதியோர் சிலர் வாயில் மாத்திரம் பழைய தமிழ் எஞ்சியிருக்கிறது. வெறுப்பு ஒரு கூட்டத்தைத் தனித்து நிறுத்திற்று. அணைப்பு ஒரு கூட்டத்தைக் கலந்துகொண்டது. அந்நியனை அந்நியனாகவே வைத்திருக்க விரும்புவோன் அவனை நிந்தித்தால் போதும்.

இதுகாறும் கூறியவற்றில் வேலியினாற் காத்ததும், அணைப்பினாற் கரைந்ததும் கண்டோம். வேலியின்றியும் கரையாமலும் ஒரு ஜனசமூகம் வாழக்கூடுமோ? கூடும். மதுரைக்குச் சென்று பாருங்கள். பட்டு நெசவுத் தொழிலராகிய சௌராஷ்டிரர் பல நூற்றாண்டுகளுக்கு முன் குஜராத்திலிருந்து புறப்பட்டு, விஜயநகரத்தின் வழியாக நாயக்க மன்னர் காலத்தில் மதுரையை அடைந்தவர். கடைத்தெருவிலும் பள்ளியிலும் அவர் பாஷை தமிழ், அடுப்பங்கரையிற் சௌராஷ்டிரம். 2011-ம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கில் அப்பாஷையைத் தாய்மொழியாகச் சொன்னோர் ஏறக்குறைய இரண்டரை லக்ஷம். அவர்களை ஒரு சட்டமும் அடைத்து வைக்கவில்லை; ஒரு சர்க்காரும் அவர் பாஷைக்குப் பள்ளி வைத்துக் கொடுக்கவில்லை. சேர்ந்து குடியிருத்தல், ஒரே தொழில், தமக்குள் மணம், தம் பொருளால் தாம் நடத்திய சபை, பள்ளிக்கூடம் ஆகியவையே அவர்க்கு அரணாயின.

இதனால் அவர் தமிழகத்துக்கு அந்நியராயினரா? 1939-ல் மதுரை மீனாக்ஷியம்மன் ஆலயத்தில் ஹரிஜனங்கள் பிரவேசித்தபோது வைத்தியநாதையருக்குத் துணை நின்ற என். எம். ஆர். சுப்பராமன் சௌராஷ்டிரர். தமிழர் உள்ளத்தைத் தம் குரலாற் கவர்ந்த டி. எம். சௌந்தரராஜன் சௌராஷ்டிரர். வீட்டில் ஒரு பாஷையும் வீதியில் ஒரு பாஷையும் உடையவன் அரை மனிதனல்லன், இரட்டைச் செல்வன்.

"தனித் தனிக் கூட்டங்கள் இருப்பின் தேசீயம் சிதறிப் போகாதா?" என்று நண்பர் சிலர் வினவலாம். அவர்க்குத் தில்லையாடி வள்ளியம்மையை நினைவூட்டுகிறோம். ஜோஹானஸ்பர்க்கிற் பிறந்த அந்தத் தமிழ்ப் பெண், இந்தியரது விவாகம் செல்லாதென்ற 1913-ம் வருஷத்துத் தீர்ப்பையும் தலைவரியையும் எதிர்த்துக் காந்தியடிகளின் சத்தியாக்கிரகப் படையிற் சேர்ந்து சிறை புகுந்தாள். சிறைக் காய்ச்சலோடு வெளிவந்து, 1914 பிப்ரவரி 22-ல் பதினாறு வயதில் உயிர் நீத்தாள். தமிழச்சியாயிருந்தது அவள் இந்தியப் பற்றுக்குத் தடையாயிற்றா? வீட்டிற் கற்ற மானமன்றோ அவளை வெளியே போராடச் செய்தது! தன் தாய்மொழியை வெட்கமின்றிப் பேசுவோனே பிறன் தாய்மொழியை மதிக்க வல்லவன். தேசீயம் என்பது எல்லா நதிகளையும் வற்றச் செய்து ஒரு குளம் வெட்டுவதன்று.

இனி நம் ஊருக்குத் திரும்புவோம். மேற்குப் புறத்தில் வட நாட்டுத் தொழிலாளர் பலர் எவ்வாறு வைக்கப்பட்டிருக்கின்றனர்? கட்டடம் எழும் இடத்திலேயே தகரக் கொட்டகைகளில். ஓர் அறைக்கு எட்டுப் பேர் பத்துப் பேராக வாடகை விடுதிகளில். கூலி கொடுப்பவன் முதலாளி அல்லன். இடையில் நிற்கும் ஒப்பந்தக்காரன். பெயர் மாறிய கங்காணியும், ஓலைக்குப் பதில் தகரம் வேய்ந்த லயனுமன்றி இவை வேறென்ன? மலேயாவிலும் இலங்கையிலும் நம்மவரை அவ்வாறு வைத்தார்களென்று நூறு வருஷம் கண்ணீர் வடித்த நாம், நம் வாசலில் அதனைக் கண்டு வாளாவிருத்தல் தகுமா? இவ்வேலியை நாமே எழுப்பிவிட்டு, "அவர்கள் நம்மோடு கலப்பதில்லை" என்று நாமே குறை கூறுவது நேர்மையாமோ? 2023-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில், பீஹாரிகள் தமிழகத்தில் தாக்கப்படுகிறார்களென்று பொய்யான படக்காட்சிகள் பரவியபொழுது, தொழிலாளர் பீதி கொண்டனர். பொய் அவ்வளவு விரைவில் நம்பப்பட்டதேன்? நமக்கும் அவர்களுக்கும் இடையே பேச்சுவார்த்தையே இல்லாமையால்.

இதனைப் போக்கும் வழி மூன்றென்போம். முதலாவது பள்ளிக்கூடம். குடும்பத்தோடு வந்தவரின் குழந்தைகள் ஒருவர் விடாமல் நம் ஊராட்சிப் பள்ளிகளிற் சேர்க்கப்பட வேண்டும். 2006-ம் வருஷத்துத் தமிழ் கற்றல் சட்டத்தின் நோக்கம் அவர்க்கும் பயன்பட வேண்டும். தமிழை அடிப்படையிலிருந்து, பிற பாஷைக்காரர்க்கு ஏற்ற முறையிற் கற்பிக்கும் ஆசிரியரை நியமிக்க வேண்டும். அதனோடு, ஆரம்ப வகுப்பிற் சிறுபான்மைப் பாஷையாரின் குழந்தைகளுக்குத் தாய்மொழிக் கல்வி வசதி தர முயலுமாறு 1956-ல் அரசியல் சாஸனத்திற் சேர்க்கப்பட்ட 350-ஏ பிரிவையும் மறத்தலாகாது. பிற நாடுகளில் தமிழ்ப் பள்ளி கேட்கும் நாம், இங்கு ஒரியாக் குழந்தைக்கு ஒரு மணி நேரம் மறுப்பது எவ்வகை நியாயம்?

இரண்டாவது தொழிற்சங்கம். வட நாட்டான் குறைந்த கூலிக்கு வேலை செய்து நம்மவர் வயிற்றிலடிக்கிறான் என்பர். பரிகாரம் அவனை விரட்டுவதன்று. அவனைச் சங்கத்திற் சேர்த்துச் சம கூலி கேட்கச் செய்வதே. சங்கத்தின் துண்டுப் பிரசுரம் அவன் பாஷையிலும் அச்சாகட்டும். சங்கத்தின் மேடையில் அவனும் ஏறட்டும். ஒன்றாய்ப் போராடினோர் ஒன்றாய் உண்பர். ஒன்றாய் உண்டோர் நாளடைவில் ஒருவரையொருவர் அறிவர்.

மூன்றாவது உரிமை. பிற ராஜ்யத்தார் இந்தியப் பிரஜைகள்; அவர்க்கு இவ்விஷயத்திற் குறையில்லை. ஆனால் இதே திருவள்ளூர் ஜில்லாவிற் கும்மிடிப்பூண்டியில், இலங்கையிலிருந்து 1983-க்குப் பின் ஓடி வந்தோரின் முகாம் இருக்கிறது. 2021-ல் இத்தகைய முகாம்களுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றினார்கள். பெயர் மாறிற்று, பிரஜாவுரிமை இன்னும் எல்லார்க்கும் வந்தபாடில்லை. 2019-ம் வருஷத்துக் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கை சேர்க்கப்படவில்லை. பாஷை நம் பாஷை. தெய்வம் நம் தெய்வம். இம்மண்ணிற் பிறந்து இங்கேயே கல்வி முடித்த பிள்ளைகள் உளர். இருந்தும் அவர்கள் அந்நியர்! கலப்பதற்கு ஒரு தடையும் இல்லாதவரைக் காகிதம் ஒன்று தடுத்து நிற்கிறது. தமிழராகவே பிறந்தோரைத் தமிழகத்திற் பிரஜைகளாக்க வகையறியாத நாம், பிறரைத் தமிழராக்குவதைப் பற்றிப் பேசுவது நகைப்புக்கிடம். கக்ஷி பேதமின்றி நம் பார்லிமெண்டு அங்கத்தினர் யாவரும் இதனை வற்புறுத்துதல் கடமை.

சென்னீர்குப்பத்திற் குடியேறிய பீஹாரியின் பேரன் எவ்வாறிருப்பான்? முற்றும் தமிழனாவானோ, மதுரைச் சௌராஷ்டிரரைப் போல் இரு பாஷைச் செல்வனாவானோ, அதை அவன் தேர்ந்துகொள்ளட்டும். அஃது அவன் உரிமை. லயன் காம்பிராவில் அடைபட்டு, கற்கவும் வழியின்றிக் கலக்கவும் வழியின்றித் திகைத்து நிற்கும் மூன்றாவது நிலைக்கு அவனை ஆளாக்காதிருப்பது நம் பொறுப்பு. டர்பனிலும் கண்டியிலும் பினாங்கிலும் நம் பாட்டன்மார்க்கு எவரெவர் என்ன செய்தனர் என்பதை நாம் மறந்தோமில்லை. நாம் செய்வதையும் ஒருவன் எங்கோ ஒரு பாஷையில் நினைவிற் குறித்துக்கொண்டுதான் இருக்கிறான்.